எண் வெளியே போகும், பெயர் போகாது



அழைப்பிதழில் இந்தப் பேச்சின் தலைப்பைச் சற்றுப் பயமுறுத்தும்படி அச்சிட்டுவிட்டார்கள். 'சி மொழியில் எனமும் டைப்டெஃபும்.' வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, இது எனமா, இனமா? அச்சுப்பிழையா?" என்று கேட்டார்கள். பிழை இல்லை, எனம்தான். ஆனாலும் அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. ஓர் இனத்தில் யார் யார் உண்டு என்று பட்டியல் போட்டுச் சொல்வதுதான் எனம். அந்த இனத்துக்கே இன்னொரு பெயர் சூட்டுவது டைப்டெஃப். இதற்கு மேல் இலக்கணம் தெரியாவிட்டாலும் இன்றைய பேச்சு புரியும்.

பள்ளியில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் படித்திருப்பீர்கள். மண், மரம் இடுகுறி. நாற்காலி காரணப்பெயர், நான்கு கால் இருப்பதால். கணினியின் நினைவகத்துக்குள் காரணப்பெயரே கிடையாது. அங்கே இருப்பதெல்லாம் எண். செவ்வாய்க்கிழமை என்று நாம் சொல்வது அங்கே 2. கிழமை மட்டுமல்ல, ஒரு நிறமும் 2 ஆக இருக்கலாம், மோட்டார் கெட்டுப்போன விதமும் 2 ஆக இருக்கலாம். நிரல் எழுதுகிறவர் மனிதர் என்பதால் அவருக்கு அந்த 2 ஆகாது, காரணப்பெயர் வேண்டும். அவர் பெயரை எழுதுகிறார், கம்பைலர் அதை எண்ணாக மாற்றிவிட்டுப் பெயரைத் தூக்கிப் போடுகிறது. பெயர் எந்த வாசல் வரை கூட வருகிறது, எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சி மொழி பிறந்தது அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில். செய்தவர் டென்னிஸ் ரிச்சி, காலம் 1970-களின் தொடக்கம். அதற்கு முன் அங்கே கென் தாம்சன் செய்த பி என்ற மொழி இருந்தது. பி-க்கு முன்னோடி, இங்கிலாந்தில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் செய்த பிசிபிஎல். இந்த இரண்டு மொழிகளிலும் வகை என்ற பேச்சே இல்லை. எல்லாம் ஒரே அளவு அறைகள். உள்ளே இருப்பது எண்ணா, எழுத்தா, இன்னோர் அறையின் முகவரியா என்பது எழுதியவருக்கு மட்டும் தெரியும். சமையலறையில் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள் அல்லவா? எது ரவை, எது சர்க்கரை என்பது அந்த வீட்டு அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் அன்றைக்குக் காப்பியில் ரவைதான்.

பிறகு பிடிபி-11 என்ற கணினி அங்கே வந்தது. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. எழுத்துக்கு ஒரு பைட், முழு எண்ணுக்கு இரண்டு. டப்பாக்களின் அளவே வேறுபட்டுவிட்டதால், எது எந்த அளவு என்று மொழிக்குத் தெரிந்தாக வேண்டும். சி மொழிக்குள் வகைகள் நுழைய இந்த இயந்திர நெருக்கடி ஒரு பெரிய காரணம். பிழையைத் தடுக்கும் வேலி வேண்டும் என்பது அன்றைக்கு முதல் கவலை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் சி-யின் பல குணங்கள் விளங்கும்.

வேலியே முதல் கவலையாக இருந்தவர் ஒருவர் அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்தார், நிக்லாஸ் விர்த். அவர் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் பட்டியல் வகை முதலிலிருந்தே உண்டு. கிழமைகளைப் பட்டியலாகச் சொல்லிவிட்டால், கிழமை மாறியில் கிழமையைத் தவிர வேறெதையும் போட பாஸ்கல் விடாது. சி-யில் அப்படியல்ல. கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய புகழ்பெற்ற பாடநூலின் முதல் பதிப்பில் டைப்டெஃப் இருக்கிறது, எனத்துக்குப் பாடமே இல்லை. அது பிறகு சேர்ந்தது, 1988-இன் இரண்டாம் பதிப்பில் இடம்பிடித்தது, 1989-இன் அமெரிக்கத் தரத்தில் உறுதியானது. பந்திக்குப் பிந்தி வந்தவருக்கு இலை கிடைத்தது, பாயசம் தீர்ந்துவிட்டது. அந்தப் பாயசம்தான் கண்டிப்பு.

பலகையில் ஒரு வரி எழுதுகிறேன். சி-யின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்.

எனம் நிலை { நின்றது, ஓடுகிறது, வறட்டோட்டம், மிகைச்சுமை };

இதை வேடிக்கைக்காகத் தமிழில் எழுதவில்லை. எனம் என்ற சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, மற்ற பெயர்களை இப்படியே தமிழில் எழுதினால் ஜிசிசி கம்பைலர் ஏற்றுக்கொள்ளும், 2020-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து. நின்றது என்பதற்கு 0, ஓடுகிறது 1, வறட்டோட்டம் 2, மிகைச்சுமை 3 என்று கம்பைலரே வரிசையாக எண் கொடுத்துக்கொள்ளும். வேறு எண் வேண்டுமானால் பக்கத்தில் சமக்குறி போட்டு எழுதலாம். இரண்டு பெயருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தாலும் அது கேட்காது. சுழியத்தில் தொடங்குவது நம் விரல்களுக்குப் பழக்கமில்லாத எண்ணிக்கை. சி-யின் நாட்காட்டி அமைப்பிலேயே மாதம் 0-இல் தொடங்கும், தேதி மட்டும் 1-இல் தொடங்கும். ஜனவரி முதல் தேதி அங்கே 0, 1. இது ஏன் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் மணியைப் பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

பலகையில் இருப்பது கற்பனைப் பட்டியல் அல்ல. பல வருடங்களுக்கு முன் கோயம்புத்தூர்ப் பக்கம், ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் ஒரு சிறு கம்பெனியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். பேனலுக்குள் சின்ன சிப், அதில் சி-யில் எழுதிய நிரல். மின்சாரம் போய் வந்தாலும் கடைசியில் என்ன நடந்தது என்பது நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காக, நிலையை அழியாத நினைவகத்தில் ஒரு பைட்டாக எழுதி வைப்போம். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினால் அது வறட்டோட்டம், ஊரில் டிரை ரன் என்பார்கள். பேனல் மோட்டாரை நிறுத்திவிட்டு 2 என்று எழுதிக்கொள்ளும். ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை மறுபடி ஓடாது.

ஒரு வருடம் புது வசதி சேர்த்தோம். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை நிறுத்த வேண்டும், மூன்றும் திரும்பியதும் தானாகவே ஓட்டிவிட வேண்டும். மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊர்களில் இது பெரிய வரம். அதற்கு ஒரு புது நிலை தேவைப்பட்டது. பட்டியலில் 'ஓடுகிறது' என்பதற்கு அடுத்து 'பேஸில்லை' என்று சேர்த்தவன் நான்தான். அந்த இடம்தான் படிக்க அழகாக இருந்தது. மின்சாரம் சம்பந்தப்பட்டதெல்லாம் முன்னே, தண்ணீரும் சுமையும் பின்னே. கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எண்களைத் தள்ளிக் கொடுத்தது. பேஸில்லை 2, வறட்டோட்டம் 3, மிகைச்சுமை 4. மேசையில் எல்லாச் சோதனையும் தேறியது.

பழைய பேனல்கள் பழுதுபார்க்க வரும்போது சிப்பில் புது நிரலை ஏற்றி அனுப்பினோம். அழியாத நினைவகத்தை யாரும் அழிக்கவில்லை, அதன் பெயரே அதுதானே. வறட்டோட்டத்தில் நின்று வந்த ஒரு பேனல் தோட்டத்துக்குத் திரும்பிப் போனது. உள்ளே பழைய 2 உட்கார்ந்திருந்தது. புது நிரல் அதை எடுத்து 'பேஸில்லை' என்று படித்தது. மூன்று பேஸும் இருக்கிறதா என்று பார்த்தது, இருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை. விவசாயி காலையில் வந்து பார்த்தபோது காயில் கருகியிருந்தது. முதல் மோட்டாருக்குப் பழியை மின்சாரத்தின் மேல் போட்டோம். இரண்டாவதுக்கு ரீவைண்டிங் செய்தவர் மேல் போட்டோம். மூன்றாவது எரிந்த பிறகுதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

இதில் எந்தக் கம்பைலரையும் குறை சொல்ல முடியாது. நிரல் முழுவதும் 'வறட்டோட்டம்' என்ற பெயரைத்தான் நாங்கள் பயன்படுத்தியிருந்தோம், ஓர் இடத்திலும் வெறும் 2 என்று எழுதவில்லை. பாடநூல் சொன்னபடி ஒழுங்கான நிரல். ஆனால் நினைவகத்துக்கு வெளியேறிப் போனது எண் மட்டும்தான், பெயர் நிரலுக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே பெயர்களை இடம் மாற்றினோம், வெளியே போன எண்ணுக்கு அது தெரியாது. கோப்பில் எழுதப்பட்ட எனம், கம்பியில் அனுப்பப்பட்ட எனம், இன்னொருவர் கம்பைல் செய்து வைத்திருக்கும் நூலகத்துக்குக் கொடுக்கப்பட்ட எனம், எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அப்படி வெளியே போகும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எண்ணைக் கையால் எழுதிவிட வேண்டும், புதியவரைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். படிக்க அழகான இடம் பெரிதில்லை, வெளியே போன எண் மாறாமல் இருக்க வேண்டும்.

எனத்தின் இன்னொரு தளர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். நிலை என்ற மாறியில் 47 என்று போட்டால் சி மொழி தடுக்காது. பட்டியலில் 47-ஆம் ஆள் இல்லையே என்று அது கவலைப்படாது. சி-யைப் பொறுத்தவரை அந்தப் பெயர்கள் முழு எண்கள், அவ்வளவுதான். சி-யின் வழியில் சி பிளஸ் பிளஸ் என்ற மொழி வந்தபோது இந்தக் கதவைப் பாதி சாத்தினார்கள், 2011-இல் எனம் கிளாஸ் என்று தாழ்ப்பாளும் போட்டார்கள். சி-யோ திறந்த திண்ணையாகவே இருக்கிறது. 2024-இல் வெளியான புதிய தரத்தில், எனம் எத்தனை பைட் என்பதை நாமே குறிப்பிடலாம் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. பேனல் செய்கிறவர்களுக்கு அது நல்ல சேதி, முன்பு அதைக் கம்பைலர்தான் முடிவு செய்யும்.

திண்ணையில் ஒரு காவல்காரர் மட்டும் உண்டு. எனம் மாறியை வைத்து ஸ்விட்ச், அதாவது எந்தப் பெயருக்கு என்ன செய்வது என்ற கிளைகள், எழுதும்போது பட்டியலில் ஒரு பெயரை விட்டுவிட்டால், எச்சரிக்கைகளை முடுக்கிவிட்ட ஜிசிசி, இன்னாரை மறந்துவிட்டாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். பலர் பாதுகாப்புக்கு என்று நினைத்துக் கடைசியில் டிஃபால்ட் என்று மற்ற எல்லோருக்கும் பொதுவான ஒரு கிளை போட்டு வைப்பார்கள். போட்டதும் காவல்காரர் தூங்கிவிடுவார். விடுபட்டவர்களை எல்லாம் டிஃபால்ட் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு நினைப்பு. ஸ்விட்சுக்குள் டிஃபால்ட் வேண்டாம், பட்டியலில் இல்லாத எண்ணை ஸ்விட்சுக்கு வெளியே பிடியுங்கள் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியினரும் இங்கே இருக்கிறார்கள், முன்வரிசையில் சிரிப்பது தெரிகிறது.

இனி டைப்டெஃப். வகையை வரையறு என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டாலும் அது புது வகை எதையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் வகைக்கு இன்னொரு பெயர், அவ்வளவே. வீட்டில் குஞ்சு, பள்ளிப் பதிவேட்டில் சுப்பிரமணியன். கூப்பிடும் பெயர் இரண்டு, ஆள் ஒருவர்.

இந்தச் சாதாரணப் பெயர்மாற்றம் உலகத்தையே எப்படித் தாங்குகிறது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதில் நேரம் என்பது 1971 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை கூட அல்ல, ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்குகளின் எண்ணிக்கை. 32 பிட்டில், அதாவது நான்கு பைட்டில், அதை வைத்தால் 829 நாளில் நிரம்பிவிடும். இரண்டேகால் வருடத்துக்கு ஒருமுறை யுகமுடிவு! பின்னர் முழு நொடிகளாக எண்ண ஆரம்பித்தார்கள், தொடக்கமும் 1970 ஜனவரி 1 ஆனது.

சி பிறந்தபோது அதில் 32 பிட் முழு எண்ணே இல்லை. பிடிபி-11-இல் இன்ட் என்ற முழு எண்ணுக்கு 16 பிட்தான். அதனால் நேரத்தை இரண்டு இன்ட் கொண்ட அணியாக வைத்தார்கள். சி-யின் செயற்கூறு அணியைத் திருப்பித் தராது, எனவே நேரம் கேட்கிறவர் தன் அணியின் முகவரியைக் கொடுக்க வேண்டும். இன்றைக்கும் சி-யில் நேரம் கேட்கும்போது அடைப்புக்குள் எதற்கென்றே தெரியாமல் நல் என்று ஒரு வெற்று முகவரியைக் கொடுக்கிறோமே, அது அந்த அணியின் மிச்சம். அம்மி போன பிறகும் அம்மிமேடை இருக்கிற மாதிரி.

பிறகு லாங் என்ற பெரிய முழு எண் வந்தது. 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு வரி சேர்ந்தது: டைப்டெஃப் லாங் டைம்_டி. நேரத்தின் வகைக்கு இனிமேல் டைம்_டி என்று பெயர், இப்போதைக்கு அது லாங். அந்த 'இப்போதைக்கு' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குறியுடைய 32 பிட்டில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. அத்தனை நொடிகள் 2038 ஜனவரி 19 அன்று நிறைவடைகின்றன. நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் முடிந்து நாலைந்து நாள். அடுத்த நொடியில் எண் சுழன்று எதிர்மறையாகி, 32 பிட் கணினிக்கு 1901 டிசம்பர் ஆகிவிடும். பிரபவ, விபவ என்று அறுபது பெயரைச் சுற்றி வருகிற நமக்கு இந்தச் சுழற்சி புதிதல்ல. கல்வெட்டில் வெறும் ஆண்டுப் பெயரை மட்டும் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரியாமல் அறிஞர்கள் திண்டாடுவதில்லையா? நம் சுற்று அறுபது, அவர்கள் சுற்று 136.

தீர்வு சொல்ல எளிது. அந்த ஒரு வரியில் 32 பிட் வகையை எடுத்துவிட்டு 64 பிட் வகையைப் போட வேண்டும், எல்லா நிரல்களையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 64 பிட் லினக்ஸில் லாங்கே 64 பிட் என்பதால் அங்கே இந்த வரியை மாற்றத் தேவை வரவில்லை. 32 பிட் கணினிகள்தான் சிக்கல். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் 2014-இல் தன் 5.5-ஆம் பதிப்பில் எல்லா வன்பொருளுக்கும் துணிந்து மாற்றிவிட்டது. லினக்ஸின் கருவான கெர்னல் 32 பிட் கணினிகளுக்கு 2020-இன் 5.6-ஆம் பதிப்பில் தயாரானது, அதன் மேலிருக்கும் குனு சி நூலகம் 2021-இல்.

ஒரு வரியை மாற்ற ஏன் இத்தனை ஆண்டு? டைம்_டி என்று எழுத வேண்டிய இடத்தில், இரண்டும் ஒன்றுதானே என்று இன்ட் என்று எழுதியவர்கள் பலர். அப்போது ஒன்றாகத்தான் இருந்தன, கம்பைலரும் வாய் திறக்கவில்லை. வட்டில் நேரத்தை நான்கு பைட்டாக எழுதி வைத்த கோப்பு வடிவங்கள் வேறு. இப்படிப்பட்ட வரையறைகளை வைத்திருக்கும் தலைக்கோப்பில் டைப்டெஃபை மாற்றினால் ஏற்கெனவே எழுதப்பட்ட நான்கு பைட் எட்டாகாது. என் பேனலுக்குள் உட்கார்ந்திருந்த பழைய 2-இன் அண்ணன்தான் இது. பெயர் மாறியது நிரலுக்குள், எண் இருந்தது வெளியே.

பெயர் வாசலில் நின்றுவிட்டதால் நடந்த பெரிய விபத்து ஒன்று உலகம் அறிந்தது. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நெருங்கிய நேரத்தில் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தரைக்கட்டுப்பாட்டு நிரல் பவுண்ட் அலகில் தந்தது, வாங்கியவர்கள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். கோப்பில் போனது எண், அலகின் பெயர் கூடப் போகவில்லை.

இதைக் கேட்டதும் சி எழுதுகிற மாணவர்கள், டபிள் என்ற தசம எண் வகைக்கு நியூட்டன் என்று ஒரு டைப்டெஃப், பவுண்ட் என்று இன்னொரு டைப்டெஃப் வைத்தால் ஒரே நிரலுக்குள்ளாவது இந்தத் தவறு நடக்காதே என்பார்கள். நடக்கும். பவுண்டைத் தூக்கி நியூட்டனில் போட்டால் சி கண்ணை மூடிக்கொள்ளும், அதற்கு இரண்டும் டபிள்தான். படிக்கிற மனிதரோ பெயரைப் பார்த்துக் காவல் இருப்பதாக நம்பிவிடுவார். இல்லாத வேலியை விட, இருப்பதாக நினைக்கும் வேலியில்தான் மாடு அதிகம் மேயும்.

உண்மையான வேலி வேண்டுமானால் எண்ணை ஸ்ட்ரக்ட் என்ற, உறுப்புகளைக் கட்டிவைக்கும் ஒரு கட்டமைப்புக்குள் போட வேண்டும். ஒரே ஓர் உறுப்பு கொண்ட ஸ்ட்ரக்ட் என்றாலும் போதும். உள்ளே ஒரே சரக்கு இருந்தாலும் இரண்டு ஸ்ட்ரக்டுகள் சி-க்கு இரண்டு வகை, ஒன்றை இன்னொன்றில் போட விடாது. லினக்ஸ் கெர்னலில் நினைவகப் பக்கங்களின் பதிவுக்கு பிடிஇ_டி என்று ஒரு வகை உண்டு. பல கணினி அமைப்புகளில் உள்ளே இருப்பது வெறும் எண்தான். அதை வேண்டுமென்றே ஸ்ட்ரக்டில் பொதிந்து, மேலே டைப்டெஃப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். உள்ளே கை விடாதே என்பதற்கான உறை அது.

அதே கெர்னலின் எழுத்துநடை ஏடு, ஸ்ட்ரக்டுகளையும் சுட்டிகளையும் டைப்டெஃபால் மறைப்பதைப் பிழை என்றே சொல்கிறது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பிடிவாதம் அது. ஒரு மாறியைப் பார்த்ததும் அது எண்ணா, பெரிய கட்டமைப்பா என்று தெரிய வேண்டும் என்பது அவர் வாதம். பெரும்பாலும் நான் அவர் பக்கம். ஸ்ட்ரக்ட் என்ற ஒரு சொல்லை எழுதும் அலுப்பைத் தவிர்க்க வைக்கும் டைப்டெஃபும், நாளை மாறக்கூடிய ஒன்றை மறைக்க வைக்கும் டைப்டெஃபும் ஒன்றல்ல. டைம்_டி இரண்டாவது சாதி.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அந்தப் பேனல் கதையின் மிச்சத்தைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். பிழை தெரிந்தபோது பழைய 2 கொண்ட பேனல்களும் தோட்டங்களில் இருந்தன, புது 2 கொண்டவையும் இருந்தன. ஒன்றில் அது வறட்சி, மற்றதில் மின்சாரம். புது 3-க்கும் பழைய 3-க்கும் அதே சண்டை. எல்லா நிலைகளுக்கும் 10 முதல் புதிதாக எண் கொடுத்தோம், ஒவ்வொன்றையும் கையால் எழுதி. 2 அல்லது 3 என்று படித்தால் மோட்டாரைத் தொடாதே, ஆள் வரும்வரை நில் என்று எழுதினோம். எரிந்த மூன்று மோட்டாருக்கும் கம்பெனி முதலாளி பணம் கொடுத்தார், என் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

அந்தத் தலைக்கோப்பு இன்னும் புழக்கத்தில் இருப்பதாக அங்கே வேலை செய்யும் பையன் ஒருவன் போன மாதம் சொன்னான். பட்டியல் ஏன் சார் 10-இல் ஆரம்பிக்கிறது, சுழியத்திலிருந்து மாற்றி ஒழுங்குபடுத்தட்டுமா என்று கேட்டான். தொடாதே என்றேன்.